வெளிநாட்டுத் தன்மை போதாது

வெளிநாட்டிலிருந்து வருகிற ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கம் எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டங்களை மறந்தாலும், எழுதி வைக்காத இந்தச் சட்டத்தை நம் அதிகாரிகள் வரி விடாமல் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். அவர் வெள்ளையாக இருக்க வேண்டும். அவர் பேசுவது யாருக்கும் விளங்கக் கூடாது. கொண்டு வருகிற பெட்டி பெரிதாக இருக்க வேண்டும். அதைத் திறந்தால் வாசம் வர வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். அங்கே பௌதிகவியல் படிப்பிக்க ஒரு வெளிநாட்டு ஆசிரியர் வரப்போகிறார் என்று சேதி வந்ததும், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மீனம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். அவள் மகள் சர்மிளா அங்கேதான் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறாள். படிக்கிறாள் என்றால், புத்தகத்தை அவளும் பார்க்கிறாள், அதுவும் அவளைப் பார்க்கிறது. முந்தி இருந்த ஆசிரியர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றம் வாங்கிப் போனார். அதற்கும் முந்தி வந்தவர் மழையைப் பார்த்து, வந்த வேனிலேயே திரும்பிப் போனார்.

பிள்ளை கெம்பஸ் போய்ப் பட்டம் வாங்க வேண்டும் என்பது மீனம்மாவின் ஒரே ஆசை. அதற்காகத்தான் அவள் குவைத்துக்குப் போய் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவினாள். திரும்பி வந்தபோது ஒரு வாசனைப் போத்தலை மட்டும் திறக்காமல் பெட்டியில் வைத்தாள். சர்மிளா கெம்பஸ் போகிற அன்றைக்குப் பூசிவிட வேண்டும் என்று.

ஆசிரியர் வருகிற நாளில் பள்ளிக்கூட வாசலில் வாழைமரம் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தை நடத்துகிற அதிபர் யோகேஸ்வரன் மாலையோடு நின்றார். வேன் வந்தது. கதவு திறந்தது. கறுத்து, மீசை வைத்து, செருப்புப் போட்ட ஒரு மனிதர் கையில் துணிப்பையோடு இறங்கினார். அதிபர் அவரைத் தாண்டி வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“வெளிநாட்டு சார் பின்னால வர்றாருங்களா?”

“நான்தாங்க அது. பேரு பழனிவேல். திருச்சி பக்கம் துறையூருங்க.”

வாசிக்கத் தொடங்கிய பேண்ட் பாதியில் நின்றது. மாலை அதிபரின் கையிலேயே கொஞ்ச நேரம் யோசித்தது. பெற்றோரின் அபிவிருத்திச் சங்கத் தலைவர் வீரய்யாதான் முன்னால் வந்தார்.

“துறையூருங்களா? எங்க தாத்தா அந்தப் பக்கம்னு சொல்லுவாங்களே!”

“அப்ப நாம சொந்தக்காரவுங்கதான். சாப்டீங்களா?”

ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கியதும் சாப்பிட்டீர்களா என்று கேட்டது அதிபருக்குப் பெரிய அதிர்ச்சி. துணிப்பையில் இருந்தது முறுக்கு. எல்லாருக்கும் கொடுத்தார். வீரய்யா ஒன்றைக் கடித்துப் பார்த்து, “நம்ம வீட்டு முறுக்கு மாதிரியே இருக்கு” என்று சொன்னார். பாராட்டித்தான் சொன்னார். பின்னால் வந்த வினை எல்லாம் அந்தப் பாராட்டுக்குள்தான் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் பிள்ளைகள் அவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். சர்மிளா வீட்டில் பலகாரம் கேட்பதை விட்டுவிட்டு ஊசல் ஆடுவதைப் பற்றிப் பேசினாள். கொழுந்து மூட்டை ஏற்றுகிற கம்பியைக் காட்டி, “இதுல இழுவிசை எங்கம்மா கூடுது சொல்லு?” என்று கேட்டாள். மீனம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மகளுக்கு விளங்குகிறது என்பது விளங்கியது.

அதற்குப் பிறகு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து நிரஞ்சன் ஐயா மேற்பார்வைக்கு வந்தார். ஆசிரியரின் சேவையை நீடிப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்று எழுத வேண்டியது அவர்தான். மேற்பார்வை என்பது வகுப்பைப் பார்ப்பது அல்ல. அதிபரின் அறையில் உட்கார்ந்து ரோல்சும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு, ஆசிரியரைக் கூப்பிட்டு ஒரு வாக்கியத்தைப் பாதியில் விடுவது.

“வெளிநாட்டுல இருந்து வந்திருக்கீங்க...” என்றார் நிரஞ்சன் ஐயா.

“ஆமாங்க.”

“பிளேன்லதானே வந்தீங்க...”

“ஆமாங்க.”

“எயார்போர்ட்டுல கடை எல்லாம் இருக்குமே...”

“இருக்குங்க. ஒரு டீ குடிக்க முடியலைங்க, அவ்வளவு வெலை.”

நிரஞ்சன் ஐயா அதிபரைப் பார்த்தார். அதிபர் கூரையைப் பார்த்தார். பழனிவேல் சாருக்குத் திடீரென்று ஏதோ ஞாபகம் வந்து வெளியே ஓடினார். ஐயாவின் முகம் மலர்ந்தது. திரும்பி வந்தவர் ஊரிலிருந்து புதிதாக வந்த முறுக்குப் பொட்டலத்தைப் பணிவோடு நீட்டினார்.

“இது என்ன?”

“முறுக்குங்க.”

“இது நானுஓயா ஸ்டேஷன்லயே விக்கிறானே!”

“அப்படிங்களா? அங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்க போல” என்று சார் சந்தோஷப்பட்டார்.

அன்றைக்கு நிரஞ்சன் ஐயா எழுதிவிட்டுப் போன குறிப்பு இது: “ஆசிரியரின் கற்பித்தல் திருப்தி. ஒழுக்கம் திருப்தி. வெளிநாட்டுத் தன்மை போதாது. மேலும் அவதானிக்கப்பட்ட பின்னரே நீடிப்புப் பற்றித் தீர்மானிக்கப்படும்.”

அதிபர் அன்று மாலையே அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டினார். குறிப்பைக் கனத்த குரலில் வாசித்தார். தன்மை போதாதென்றால் கூட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று வீரய்யா சொன்னார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

மறுநாளே கூட்டத் தொடங்கினார்கள். அதிபர் தன் கல்யாணக் கோட்டை இரவல் கொடுத்தார். அதற்குள் சார் பாதிதான் நுழைந்தார். பிள்ளைகள் மாமா என்று கூப்பிடத் தடை. யாரைக் கண்டாலும் சாப்டீங்களா என்று சார் கேட்கத் தடை. தேயிலைத் தோட்டத்தின் நடுவில் நின்று அவர் கோப்பிதான் குடிக்க வேண்டும். முக்கியமாகத் தமிழ் பேசக் கூடாது. ஐயா எந்த நேரமும் வரலாம் என்பதால் வகுப்பிலும் இங்கிலீசுதான்.

சர்மிளா சாயங்காலம் வந்து புத்தகத்தை மூலையில் போட்டாள்.

“அம்மா, ஒன்னும் வெளங்கல. சார் இங்கிலீசுல பேசுறாரு. அவருக்கே அழுக வருது.”

“கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கடி. அவரு வெளிநாட்டுக்காரர்னு ஐயா நம்பணும்ல?”

“அவரு வெளிநாட்டுக்காரர்தாம்மா!”

“அது நமக்குத் தெரியும். ஐயாவுக்குத் தெரிய வேணாமா?”

கோட்டும் கோப்பியும் இருந்தென்ன, கையில் ஒன்றும் இல்லையே என்ற கேள்வி அடுத்த கூட்டத்தில் வந்தது. துறையூரில் கிடைக்கிற எதைக் கொண்டு வந்தாலும் பொகவந்தலாவை பஜாரிலும் அது கிடைத்துத் தொலைத்தது. வெளிநாட்டுச் சாமானுக்கு எங்கே போவது? ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் மீனம்மா பக்கம் திரும்பினார்கள்.

இந்தப் பார்வை மீனம்மாவுக்குப் பழக்கமானது. குவைத்திலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கு, இளைத்துப் போனாயே என்று ஒரு வாய் கேட்கவில்லை. என்ன கொண்டாந்தே என்றுதான் எல்லா வாயும் கேட்டது. கங்காணிக்குத் தைலம், கணக்கப்பிள்ளைக்குச் சவர்க்காரம், பக்கத்து லயத்து வீடுகளுக்குப் பால்மா என்று கொடுத்துக் கொடுத்து, கடைசியில் அவளுக்கு மிஞ்சியது இடுப்பு வலிதான்.

வீட்டுக்குப் போய்ப் போத்தலைக் கையில் எடுத்தாள். தங்க மூடி. அரபியில் பெயர். மகளைப் பார்த்தாள். சார் போய்விட்டால் கெம்பஸ் இல்லை. கெம்பஸ் இல்லையென்றால் இந்த வாசனையை யாருக்குப் பூசுவது? கணக்கு நேராகத்தான் இருந்தது. பஜாரில் ரிஸ்வி முதலாளி கடைக்குப் போய், மினுக்கத் தாளில் சுற்றி, சாரிடம் கொடுத்தாள்.

பழனிவேல் சார் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“ஏம்மா, நான் குவைத்து பக்கமே போனதில்லையே! பொய்யில்லையா இது?”

“நான் போயிருக்கேன்ல சார். ஒங்களுக்கும் சேத்துப் போயிட்டு வந்ததா வச்சுக்குங்க.”

“உங்க பொண்ணுக்குன்னு வச்சிருந்ததுன்னு சொன்னாங்க...”

“பொண்ணுக்குத்தான் குடுக்குறேன். புடிங்க.”

நிரஞ்சன் ஐயா மறுபடி வந்தார். கோட்டுப் போட்டவர் ஒருவர் “குட் மார்னிங்” என்று சொல்லிக் கோப்பியை உறிஞ்சியதைப் பார்த்ததும் எழுந்து நின்றே விட்டார். மினுக்கத் தாளைப் பிரித்தார். மூடியைத் திறந்து மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தார். கண்ணை மூடினார். பிறகு போத்தலில் இருந்த அரபி எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஹிந்தியில எழுதியிருக்கு. சுத்தமான இந்தியாச் சாமான்” என்றார்.

“யெஸ்” என்றார் சார். அதற்கு மேல் அவருக்கு இங்கிலீசு வரவில்லை. வெட்கத்தோடு கோப்பிக் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

வெளியே நின்ற மீனம்மாவின் மூக்குக்கும் அந்த வாசம் வந்தது. நல்ல வாசம்தான். அவளும் அன்றைக்குத்தான் முதன்முதலில் முகர்ந்தாள்.

பத்து நாள் கழித்துத் தீர்மானம் வந்தது. நீடிப்பு வழங்கப்பட்டிருந்தது. அதிபர் வாசிக்க, எல்லாரும் கை தட்டினார்கள். தட்டுகிற சத்தத்தில் அடுத்த வரி கேட்கவில்லை. அதிபர் திரும்பவும் வாசித்தார்:

“மேற்படி ஆசிரியரின் வெளிநாட்டுத் தன்மை மிக உயர்ந்த தரத்தில் உள்ளமை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. இத்தகைய ஒருவரைத் தோட்டப் பாடசாலையில் வைத்திருப்பது தேசிய வளத்தை வீணாக்குவதாகும். ஆகவே அவர் நகரப் பாடசாலைக்கு உடனடியாக மாற்றப்படுகிறார். அவரைச் செவ்வனே பராமரித்த உங்கள் பாடசாலைக்குப் பாராட்டுச் சான்றிதழ் தனியாக அனுப்பப்படும்.”

வேன் வந்தது. சார் கோட்டைக் கழற்றி அதிபரிடம் கொடுத்தார். பிள்ளைகள் மாமா மாமா என்று அழுதார்கள். தடை எல்லாம் அன்றைக்கு எடுபடவில்லை. சர்மிளா மட்டும் அழவில்லை. “ஒளியியல் பாதியில நிக்குது சார்” என்றாள். சார் வேனுக்குள் உட்கார்ந்தபடியே ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். சாரதி ஹோன் அடித்தான்.

அன்றைக்கே சங்கம் கூடியது. அதிபர், நான் அரசாங்க உத்தியோகத்தன், நான் இங்கே இல்லை என்று அறிவித்துவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். மீனம்மா எழுந்தாள்.

“மேற்பார்வைக்குச் சம்பளம் வாங்குற ஐயாவுக்கு எதுக்குங்க போத்தலு? நாமளே குடுத்துக் குடுத்துப் பழக்கிட்டோம். நாமளே கோட்டுப் போட்டு அனுப்பி வச்சுட்டோம். இனிமே இந்தத் தோட்டத்துல இருந்து ஒரு தீப்பெட்டி போகக் கூடாது. மாகாணத்துப் பெரிய ஐயாகிட்ட எல்லாரும் போயி, இந்த நிரஞ்சன் ஐயா கை நீட்டுறாருன்னு மொகத்துக்கு நேரா முறைப்பாடு சொல்லுவோம்!”

கூரைத் தகரம் அதிரக் கை தட்டினார்கள். யார் யார் போவது என்று முடிவானது. எந்த வேன் என்று முடிவானது. அப்போது வீரய்யா தொண்டையைச் செருமினார்.

“எல்லாஞ் சரி. அவ்வளவு பெரிய ஐயாவைப் பாக்க வெறுங்கையோடவா போறது?”

மீனம்மா இவரை இன்றைக்குக் கிழித்துத் தொங்கப்போடப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். மீனம்மாவும் அப்படித்தான் வாயைத் திறந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

“அதெப்படி வெறுங்கையோட போறது?” என்றாள். “ரிஸ்வி முதலாளி கடையில தங்கக் கலர் டப்பாவுல தேயிலை இருக்கு. வெளிநாட்டுக்கு ஏத்துற சாமான்.”

“நாம பறிச்ச கொழுந்துதானேக்கா அது? தோட்டத்துல நமக்குத் தர்ற தூளையே குடுத்தா என்ன?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அந்தக் குப்பைத் தூளைக் குடுத்தா அவரு நம்ம மேல கேஸ் போடுவாரு.”

பின்னால் நின்ற சர்மிளா கேட்டாள்: “அம்மா, நாம முறைப்பாடு குடுக்கப் போறோமா, சீர் குடுக்கப் போறோமா?”

“வாயை மூடுடி! பெரிய மனுசங்களைப் பாக்கப் போனா மரியாதைன்னு ஒன்னு இருக்கு. படிச்ச புள்ளைக்கு இது கூடத் தெரியல.”

அதிபர் இங்கே இல்லாதவர் என்றாலும் தலையை ஆட்டி ஆமோதித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சர்மிளா பாதி முடிந்த பாடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். டப்பாவைச் சுற்றுகிற தாள் சிவப்பா, நீலமா என்பதில் மட்டும் கூட்டத்தில் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது.