ஹட்டனுக்கு வந்த பேச்சாளர்

கொழும்பு ரயில் ஹட்டன் ஸ்டேசனில் வந்து நின்ற பிறகுதான், பேச்சாளரின் முகமே தனக்குத் தெரியாது என்பது கிருஷாந்திக்கு உறைத்தது.

அவருடைய இணையப் பக்கத்தில் முகத்துக்குப் பதில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. போனும் கிடைக்கவில்லை. மலையகத்தில் மென்பொருள் எழுதுகிறவர்களைக் கூட்டி அவள் நடத்தும் முதல் சந்திப்பு இது. தலவாக்கலை, இறம்பொடை என்று பஸ் பிடித்து வந்த முப்பது பேர் மண்டபத்தில் காத்திருந்தார்கள்.

தேய்த்த சட்டையும் கையில் பழப்பையுமாக ஒருவர் இறங்கித் தயங்கி நின்றார்.

"கொழும்புலேருந்து வாறீங்களா? உங்களக் கூப்பிடத்தான் வந்தேங்க."

"ஆமாங்க," என்றார் அவர் நிம்மதியாக. "அம்மாவுக்குக் கால் வலி. நான் மட்டுந்தான் வந்தேன்."

"நீங்க வந்தாப் போதுங்க."

மண்டபத்தைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்தது. "இவ்வளவு பேரா?"

"எல்லாம் ஒரே குடும்பம் மாதிரிதாங்க. உங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

அவர் மைக்கைப் பிடித்தார். "தண்ணி, சிகரெட் கிடையாதுங்க. சொந்தமாக் கடை வச்சிருக்கேன். ரெண்டு தங்கச்சியையும் கட்டிக் குடுத்தாச்சு."

முன்வரிசை விழித்தது. பெரிய ஆட்கள் அடக்கமாகத்தான் தொடங்குவார்கள் என்று கிருஷாந்தி தன்னைத் தேற்றிக்கொண்டாள். கேள்வி கேட்க விட்டால் சரியாகிவிடும்.

கூட்டத்திலிருந்து வினோஜன் எழுந்தான். "சேர், நீங்க அதிகமா எந்த மொழி பாவிக்கிறீங்க?"

"வீட்ல தமிழ். கடையில சிங்களம்."

சிரிப்பு கிளம்பியது. இனிச் செய்முறைதான் காப்பாற்றும் என்று கிருஷாந்தி குறுக்கிட்டாள். "சேர், பேச்சு போதும். தெரிஞ்சத ஒன்னு செஞ்சு காட்டுங்க."

"நானா? இந்தப் பக்கம் அப்படியா வழக்கம்?" என்று முணுமுணுத்தவர், கண்ணை மூடிக்கொண்டு ஒரு முருகன் பாட்டை எடுத்தார். நன்றாகவே பாடினார். பின்வரிசைக்காரர்கள் லேப்டாப்பில் தாளம் போட்டார்கள்.

அப்போது கிருஷாந்தியின் போன் அடித்தது. வெளியே ஓடினாள்.

"ஜீவராஜ் பேசுறேங்க. உங்க கூட்டத்துல பேச வந்தவன்."

"சேர், எங்க இருக்கீங்க?"

"ஸ்டேசன்ல ஒரு பெரியவர் ஆட்டோவுல ஏத்திட்டு வந்தாரு. நீங்க அனுப்புன ஆளுன்னு நெனச்சேன். கேசரி வச்சாங்க. ஒரு பொண்ணு தேத்தண்ணி குடுத்துச்சு. அப்புறம், மாப்பிள்ளைக்குப் புடிச்சிருக்கான்னு கேட்டாங்க."

"ஐயோ சேர், அப்படியே இருங்க, இப்பவே வந்து கூட்டிட்டு வந்துர்றேன்."

"வேணாங்க." குரல் தாழ்ந்தது. "புடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன். அந்தப் புள்ளையும் சரின்னுருச்சு. பேச்சுக்கு நீங்க வேற ஆள் பாத்துக்கிறீங்களா?"