பத்தொன்பது நாள் ஜப்பான்

போய்வந்தவர் என்றொரு இனம் நம்மிடையே உலாவுகிறது. அடையாளம் காண்பது லேசு. நீங்கள் மழை என்றால் அவர் "அங்க பெய்யிற மழை" என்று தொடங்குவார். பஸ் பிந்திவிட்டது என்றால், "அங்க ரயில் அரை நிமிசம் பிந்தினால் ஸ்டேசன் மாஸ்டர் தலை குனிஞ்சு மன்னிப்புக் கேப்பார்" என்பார். உங்கள் வீட்டில் செத்தவீடு என்றாலும், அங்கே செத்தவீட்டுக்கு எவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்பார்கள் என்று விளக்கித்தான் துக்கம் விசாரிப்பார். கனடா போய்வந்தவர், கட்டார் போய்வந்தவர், ஒரே ஒரு தரம் சென்னைக்குப் போய்ச் சேலை எடுத்து வந்தவர் என்று இந்த இனத்தில் கிளைகள் பல. எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் இருப்பது அபூர்வமான கிளை: ஜப்பான் போய்வந்தவர். மொத்தம் ஒன்றே ஒன்றுதான். பெயர் கோணாமலை.

துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் பார்த்தவர். தொண்ணூற்றாறாம் ஆண்டு பயிற்சிக்கென்று யோகோகாமாவுக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது நாள். அதில் பதினேழு நாள் பட்டறைக்குள், ஒரு நாள் வயிற்றோட்டம், மிச்சம் ஒரு நாள் பஸ் யன்னலால் ஒரு கோயிலைப் பார்த்தார். மூன்று நேரமும், மனைவி இரத்தினேஸ்வரி போத்தலில் அடைத்துக் கொடுத்த மாசிக்கருவாட்டுச் சம்பலோடு சோறு. தாகத்துக்கு விடுதி வாசல் இயந்திரத்தில் விழும் தகரப் பேணிக் கோப்பி. அவர் கண்ட ஜப்பான் இவ்வளவுதான். போனது பத்தொன்பது நாள். வந்தது முப்பது வருஷமாக இன்னும் முடியவில்லை.

வந்தவர் என்ன செய்தார்? வீட்டுக்கு வருகிறவர்களை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார், அது ஜப்பானிய வழக்கமாம். எங்கள் சனம் எந்தக் காலத்தில் ஐயா செருப்போடு வீட்டுக்குள் போனது? மீன் வாங்கப் போன இடத்தில் இடுப்பு வரைக்கும் குனிந்து வணக்கம் வைத்தார். மீன்கார ஜவ்பர், "ஐயாட என்ன விழுந்திட்டு?" என்று தானும் குனிந்து தேடினார். வாசிகசாலையில் ஆண்டுக்கு இரண்டு தரம் ஜப்பானியத் தேநீர்ச் சடங்கைப் பற்றிச் சொற்பொழிவு வேறு. அந்தத் தேநீரை அவர் வாயில் வைத்ததே இல்லை என்பது இரத்தினேஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஊர் அவரை 'ஜப்பான் ஐயா' என்று கூப்பிட்டது. பென்சனைவிட அந்தப் பெயர்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

அந்தப் பெயருக்குத்தான் போன மாதம் கண்டம் வந்தது. உண்மையான ஜப்பானியர் இருவர் ஊருக்கு வந்தார்கள். தங்கள் பழைய கலையையும் புதிய கலையையும் நாடு நாடாகக் கொண்டுபோய்க் காட்டுகிறவர்கள். ஹருகோ என்ற அம்மையார் தேநீர்ச் சடங்கு செய்வார். கென்தா என்ற இளைஞர் மங்கா என்கிற அவர்களுடைய சித்திரக்கதை வரைவார். உட்துறைமுக வீதி மண்டபத்தில் நிகழ்ச்சி. ஒழுங்கு செய்தவள் அடுத்த வீட்டு லக்சாயினி. ஜப்பானில் வேலைக்குப் போவதற்காக இரண்டு வருஷம் மொழி படித்துச் சோதனையும் பாஸ் பண்ணியவள். அழைப்பிதழில் இப்படி இருந்தது: மொழிபெயர்ப்பு, செல்வி லக்சாயினி. வரவேற்புரை, திரு. கோணாமலை, ஐந்து நிமிடம்.

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவரிடமிருந்த ஜப்பானியச் சொற்கள் பதினொன்று. அதிலும் நாலு, மோட்டார் சைக்கிள் கம்பெனிகளின் பெயர். இந்தப் பிள்ளை மேடையில் வாயைத் திறந்தால் ஜப்பான் ஐயாவின் கதை அந்த இடத்திலேயே முடிந்தது. அவள் வாயைத் திறக்காதிருக்க என்ன வழி? தான் வாயை மூடாமல் இருப்பதுதான்.

"மாமா, அஞ்சு நிமிசம்தான், சொல்லிப்போட்டன். ஹருகோ அம்மா தண்ணியைக் கொதிக்க வைச்சிட்டு முழங்காலை மடிச்சு இருப்பா. பாவம்."

"பிள்ளை, நேரம் எண்டால் என்னெண்டு அவங்களிட்டையே படிச்சவன் நான்."

விளக்கேற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கோணாமலை மைக்கை மூன்று தரம் தட்டி, ஹலோ சொல்லி, தண்ணீர் ஒரு மிடறு குடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தலைவர் அவர்களே, விருந்தினர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே என்று ஒருவரையும் விடாமல் விளித்து முடிக்கவே ஆறு நிமிடம். பிறகு யோகோகாமாத் துறைமுகம், அதன் ஆழம், எங்கள் துறைமுகத்தின் ஆழம், இழுவைப் படகு, தேநீரின் தத்துவம் எல்லாம் வந்தன. "இறுதியாக" என்றார். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. இறுதி வரவில்லை. லக்சாயினி துண்டு எழுதி அனுப்பினாள். வாசித்து, பாராட்டு வந்ததுபோல் தலையாட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தார். மறுபடியும் "இறுதியாக". மூன்றாம் வரிசையில் கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஸல்ஹா ரீச்சர், "நாங்க போய்ச் சாப்பிட்டுப்போட்டு வரலாம் போல" என்றார். மேடையோரத்தில் கேத்தல் கொதித்தது, பாடியது, வற்றியது. கென்தா ஒரு மூலையில் குந்தி ஏதோ கீறிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு நிமிடம்.

கடைசியில் மூச்சு வாங்கியவர் கதிரையில் இருந்தார். ஹருகோ அம்மையார் எழும்பி, அவருக்கு நேரே வந்து, நெற்றி முழங்காலைத் தொடுமளவுக்குக் குனிந்தார். நிறையப் பேசினார். லக்சாயினி மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்லுறா?"

"வேண்டாம் மாமா."

"என்னைப் பாராட்டுறதைச் சபைக்குச் சொல்ல என்ன வெக்கம்? மைக்கில சொல்லு!"

சொன்னாள். "நாங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும், முதல்ல உங்கட ஊர்க் கலை ஒண்டைக் காட்டுங்கோ எண்டு கேக்கிறனாங்கள். ஏழு நாட்டில இப்பிடி ஒண்டைக் காணேல்லை எண்டு சொல்லுறா. துணி போர்த்தி, விளக்குக் கொளுத்தி, மைக்கை மூண்டு தரம் தட்டி, எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்காம். நடுவில ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்ததாம். அது வரேக்க எல்லாரும் நிமிர்ந்து இருந்திட்டு, பிறகு கண்ணை மூடித் தியானத்துக்குப் போட்டினமாம். தேத்தண்ணியால ஒரு ஆளின்ர மனசை அடக்கவே எங்களுக்குப் பத்து வருசம் பழகவேணும், இவர் இருநூறு பேரை ஒரேயடியா அடக்கிப்போட்டார் எண்டு சொல்லுறா. இந்தக் கலையை எத்தினை வருசம் பழகினவர் எண்டு கேக்கிறா, மாமா."

"முப்பது வருசம்!" என்று ஸல்ஹா ரீச்சர் கத்தினார். மண்டபம் குலுங்கியது. முன்வரிசையில் இரத்தினேஸ்வரி சேலைத்தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

கோணாமலைக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஹருகோ சிரிக்கவில்லை. கேத்தலுக்குத் தண்ணீர் விட்டு, பச்சைத் தூளை அடித்துக் கலக்கி, முதல் கிண்ணத்தை இரண்டு கையாலும் அவருக்கே நீட்டினார். பக்கத்தில் சின்னத் தட்டில் ஒரு இனிப்பு. அவர் அவசரத்தில் தேநீரை ஒரே மடக்காகக் குடித்தார். வேப்பெண்ணெய் குடித்த பிள்ளையின் முகம் அவருக்கு வந்தது.

"ஐயா, முதல்ல இனிப்பு! சக்கரைத் துண்டைக் கடிச்சுத்தானே நாங்க பிளேன்ரீ குடிக்கிற! அதேதான் இதுவும்!" என்றார் ஸல்ஹா ரீச்சர். லக்சாயினி மொழிபெயர்த்ததும் ஹருகோ கைதட்டினார். நாற்பத்தேழு நிமிடத்தில் விளங்காத சடங்கு சபைக்கு ஒரே சொல்லில் விளங்கிவிட்டது. கிண்ணத்துக்கு வரிசை கட்டினார்கள்.

கோணாமலை லக்சாயினியைக் கிட்டக் கூப்பிட்டார். "பிள்ளை, இதை நான் இண்டைக்குத்தான் முதல் தரம் குடிக்கிறன் எண்டு அவவுக்குச் சொல்லு." திரும்பியவளை மறித்து, "மைக்கிலயே சொல்லு" என்றார். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன மிகச் சிறிய சொற்பொழிவு அதுதான். பெரிய கைதட்டலும் அதற்குத்தான்.

கென்தா கீறிய படம் இப்போது அவர் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. தாள் முழுக்க ஒரே வாய். வாய்க்குக் கீழே கண்மூடிய சின்னச் சின்னத் தலைகள். அச்சொட்டு அவரேதான் என்று ஊர் சொல்கிறது.

இறுதியாக ஒன்று. நீங்கள் சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் தேநீர் என்று வாசித்ததும், "என்ர மச்சான் டோக்கியோவில..." என்று பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டினீர்களா, இல்லையா? தட்டியிருந்தால் உங்கள் விறாந்தைச் சுவரிலும் ஆணியடிக்க இடம் பார்த்து வையுங்கள். இறுதியாக, இந்த இனத்தின் தோற்றம் பற்றியும் இரண்டு வார்த்தை...

"இஞ்சேருங்கோ, அஞ்சு நிமிசத்தில எழுதி முடிக்கிறன் எண்டு போய்க் குந்தினியள். தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணியாப் போச்சு!"

குசினியிலிருந்து இரத்தினேஸ்வரி. ஓம், அதே இரத்தினேஸ்வரிதான்.