பூம்பாறை பஸ்ஸும் உங்கள் மாப்பிள்ளையும்

அன்புள்ள சண்முகராஜ் அண்ணனுக்கு,

கொடைக்கானலிலிருந்து தங்கை ஜோதிமணி எழுதுவது. இங்கே குளிரைத் தவிர மற்ற எல்லாம் சுகம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் அங்கே கன்னிவாடியில் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே கோபப்படுவீர்கள் என்றுதான் கடிதம்.

உங்கள் மாப்பிள்ளைக்குக் கன்னிவாடி மார்க்கெட்டில் ஒரு வேலை பார்த்து வையுங்கள். லோக்கல் டிவியில் என் வீட்டுக்காரர் செய்தி சொல்கிற வேலை போய்விடும் போலிருக்கிறது. ஏழு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர், நாற்பது வருஷம் தாண்டியும் இன்னும் ‘கதைக்கிறார்’. ‘பேசுகிறார் என்று சொல்லுங்கள்’ என்று செய்தி ஆசிரியர் சுவாமிநாதன் சார் தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். கண்ணாடி முன்னால் ஒழுங்காகப் பேசுகிறார், கேமராவைக் கண்டதும் கதைக்கிறார். போதாததற்குப் பஸ் பைத்தியம் வேறு. இந்த மலைக்கு வந்த அன்று எந்த பஸ் எங்கே போகும் என்று சொல்ல ஆளில்லாமல் குடும்பத்தோடு நாள் முழுக்க மழையில் நின்றார்களாம். இப்போதும் எந்த ஊருக்காவது பஸ் வரவில்லை என்று கேள்விப்பட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

போன செவ்வாய்க்கிழமை பூங்காவில் பூத்த பூக்களை நேரலையில் காட்டச் சொல்லி அனுப்பினார்கள். கேமராக்காரர் மனோஜ்குமாருக்குக் காய்ச்சல். அதனால் போனைப் பிடிக்க என்னைக் கூட்டிப் போனார். வழியில் பூண்டு விற்க வந்த பூம்பாறை மூக்கம்மா, சாயங்கால பஸ்ஸை ஒரு வாரமாக நிறுத்திவிட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் லாரியில் தொற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், பூவெல்லாம் மறந்துபோய் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நேரலை தொடங்கி ‘வணக்கம்’ என்றவர் அதற்குமேல் வாயை மட்டும் அசைக்கிறார், சத்தம் வரவில்லை. செய்திக்காக மூன்று நாள் மழையில் அலைந்ததில் தொண்டை கட்டிவிட்டது. பின்னால் ஒரு காட்டுமாடு சாவகாசமாக வந்து பஸ் நேரம் எழுதிய போர்டில் முதுகைத் தேய்க்கிறது. ஓடிவிடலாம் என்று நான் கெஞ்ச, அவரோ என்னைப் பேசச் சொல்லிக் கையைக் கையை ஆட்டுகிறார். வந்த ஆத்திரத்தில் போனைப் பிடித்தபடியே பேசிவிட்டேன்.

“காட்டுமாடுகூட வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருச்சுங்க. பூம்பாறை பஸ்ஸத்தான் ஒரு வாரமாக் காணோம். புள்ளைக லாரியில தொங்கிக்கிட்டுப் போகுதுக. பாத்துக்கிட்டிருக்கிற ஆபீசருங்க வேற சோலி இல்லன்னா வெரசா ஒரு பஸ்ஸ அனுப்பி வைங்க.”

பூ எங்கே என்று சுவாமிநாதன் சார் போனில் சத்தம் போட்டார். இவருக்குப் பதில் சொல்லக் குரல் இல்லை. திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் வந்துவிட்டது அண்ணா. இவர் அதிலேயே பூம்பாறை வரை போய்த் திரும்பி வந்து, கட்டின தொண்டையோடு, “புள்ளைங்களுக்கெல்லாம் சீட் கெடைச்சிச்சு, ஜோதி” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குத் திட்ட மனம் வரவில்லை. இருந்தாலும் டிவி நமக்குச் சரிப்படாது. மார்க்கெட் வேலையை மறக்க வேண்டாம்.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து நல்லபடி வர வேண்டும்.

உங்கள் தங்கை,
ஜோதிமணி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சுவாமிநாதன் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். மார்க்கெட் வேலை வேண்டாம். பூம்பாறைக்கு பஸ் வந்ததைப் பார்த்து, எங்கள் ஊருக்கும் கேளுங்கள் என்று டிவிக்குப் போன்மேல் போனாம். இவர் இனி இஷ்டம்போல் கதைக்கலாமாம். வாரம் ஒரு ஊர் பஸ்ஸைப் பற்றி நிகழ்ச்சி, பேசுவதற்கு நானும் சேர்ந்து. சரி என்று சொல்லிவிட்டேன். கன்னிவாடியில் எந்த பஸ் ஒழுங்காக வருவதில்லை என்று விசாரித்து உடனே எழுதவும்.