கருப்பசாமிக்கு நான் படைத்த பிரெஞ்சு வைன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பற்றியாவது அரை மணி நேரம் போனில் படித்துவிட்டால், அதை யாருக்காவது விளக்காமல் எனக்குச் சோறு இறங்காது. இந்த வியாதியால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் இருந்தேன். அங்கே வந்து தங்கிய வயதான பிரெஞ்சுத் தம்பதி, கிளம்பும்போது என் கையில் ஒரு பாட்டிலைத் திணித்தார்கள். தென் பிரான்சில் ழிகோந்தாஸ் என்ற அவர்கள் கிராமத்துச் சிவப்பு வைன். அந்த ஊர்த் திராட்சையில், அந்த ஊர் முறைப்படி செய்தால்தான் பாட்டிலில் ஊர்ப் பெயரைப் போட முடியுமாம். “நல்ல நாளில் திற. அதுவரை குளிர்ச்சியான இடத்தில் படுக்க வை” என்றார் பெரியவர். திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே, பீரோவின் தலைமேல் படுக்க வைத்தேன். (படுக்க வைத்தேனா இல்லையா?) இரண்டு கோடை அது அங்கேயே வெந்தது.

அதே ஓட்டலில் வேலை பார்த்தவள் மீனா. கொடைரோடு பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டக்காரரின் மகள். நாங்கள் விரும்பினோம். அவள் அப்பாவிடம் போய்ப் பேசினேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லப்பா. கருப்பு உத்தரவு குடுக்கட்டும்” என்றார்.

கருப்பசாமி அவர்கள் தோட்டத்து ஓரத்திலேயே காவல் நிற்கிற குலதெய்வம். சாமியாடி, மீனாவின் பெரியப்பா. சாமி இறங்கி என் நெற்றியில் திருநீறு பூசினால் கல்யாணம். பூசாவிட்டால் நான் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான். சாமி மலையேறிய பிறகு பெரியப்பாவுக்கு எதுவுமே நினைவிருக்காது என்பதால், அப்பீலுக்கும் வழியில்லை.

என் பொறுப்பு இரண்டே பொருள்: சுருட்டு, ஒரு பாட்டில் பிராந்தி. சுருட்டை மறக்கவில்லை. பிராந்தி வாங்கப் படையல் நாள் காலையில் போனால், கடை மூடிக் கிடக்கிறது. அரசு விடுமுறை. (இது தெரியாத ஒரே ஆம்பளை திண்டுக்கல்லில் நான்தான்.)

பீரோ ஞாபகம் வந்தது. பிராந்தி எங்கே, பிரான்ஸ் எங்கே! கருப்புக்கு இதைவிட மரியாதை யார் செய்துவிட முடியும்? பஸ்ஸில் அம்மா தூங்கிக்கொண்டு வர, நான் அந்த வைனைப் பற்றி அரை மணி நேரம் போனில் படித்துக்கொண்டே போனேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பதினோரு மணிக்கு உடுக்கை முழங்க, பெரியப்பா மேல் சாமி இறங்கியது. கையில் அரிவாள். “எங்கடா என் தண்ணி?”

பாட்டிலில் மூடி இல்லை, தக்கை. மீனாவின் அப்பா மோட்டார் ரூமிலிருந்து ஸ்குரூ டிரைவர் கொண்டுவந்து குடைந்தார். தக்கை தூள் தூளாக உதிர்ந்ததே தவிர வெளியே வரவில்லை. கடைசியில் கோயில் வேல்கம்பின் அடியால் நான் ஒரே குத்தாக உள்ளே தள்ளினேன். உள்ளே இருந்தது பாதி பீறிட்டு என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

“ஆடே இன்னும் வெட்டல, அதுக்குள்ள ரத்தமா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மிச்சத்தில் ஒரு வாய் செம்பில் ஊற்றினேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். வியாதி விடுமா?

“சாமி, இது சாதாரணச் சரக்கு இல்ல. சிமென்ட் தொட்டியில நொதிக்க வச்சு, பெரிய மரப்பீப்பாயில போட்டு வச்சது. முதல்ல மோந்து பாருங்க. கறுப்புப் பழம், மிளகு, காட்டு மூலிகை, லேசா தோல் வாசம் எல்லாம் வரும்.”

“தோல் வாசத்துக்கு பிரான்சுக்கு எதுக்குப்பா போகணும்? நம்ம ஊரு தோல் பதனிடுற ஷாப்புப் பக்கம் செத்த நேரம் நின்னா போதாதா?” என்றது அதே குரல்.

சாமி மோந்தெல்லாம் பார்க்கவில்லை. ஒரே மடக்கு. அடுத்த நொடி, தக்கைத் தூளோடு மொத்தமும் என் முகத்தில்.

“ஏலே! என்னடா இது, காடியா? நான் காவக் காக்குற திராட்சை தேனா இனிக்குது. எனக்குப் புளிச்ச தண்ணியா கொண்டாந்த?”

உடுக்கை நின்றது. மீனாவின் அப்பா திருநீற்றுத் தட்டோடு இரண்டடி பின்னால் போனார். அப்போதாவது சாமி காலில் விழுந்திருக்க வேண்டாமா?

“சாமி, அது புளிப்பு இல்ல. திராட்சைத் தோலோட துவர்ப்பு. அதுக்கு டானின்னு பேரு...”

அரிவாள் மேலே போனது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பயந்தே போனேன். அரிவாளைப் பார்த்து அல்ல. மீனா இனி எனக்கு இல்லை என்று அந்த நொடியில் நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அவ்வளவு பயம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து மீனா விறுவிறுவென்று வந்தாள். வந்தவர்களுக்காக வாங்கி வைத்திருந்த பன்னீர் சோடாவில் ஒன்று அவள் கையில் இருந்தது.

“வாய மூடிட்டு இதையும் கலந்து ஊத்துங்க” என்றாள் என் காதில்.

ஊற்றினேன். செம்பில் வைனும் சோடாவும் கலந்து ரோஸ் நிறத்தில் நுரை பொங்கியது. சாமி ஒரு வாய் குடித்தது. கண்ணை மூடியது. செம்பைக் கவிழ்த்தது.

“ம்... இன்னொண்ணு ஊத்துடா.”

மூன்று செம்பு போனது. அப்புறம் ஒரு கைப்பிடித் திருநீற்றை என் நெற்றி, கண், மூக்கு எல்லாவற்றிலும் அப்பி, “கூட்டிட்டுப் போ எம் பிள்ளைய. ஆனா வருசா வருசம் எனக்கு இது வரணும்” என்றது. நான் அழுதேன். (திருநீறு கண்ணில் விழுந்ததால் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.)

அந்தக் குளிர்காலத்தில் பிரெஞ்சுப் பெரியவர் மறுபடி வந்தார். வைன் எப்படி இருந்தது என்று கேட்டார். “எங்கள் சாமியே கேட்டுக் கேட்டு மூன்று முறை வாங்கிக் குடித்தார்” என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து வருஷம் ஒரு பாட்டில் சாமிக்கென்றே கொண்டுவருகிறார். சோடா விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

வியாதி மட்டும் போகவில்லை. போன வாரம் மாமனார் வீட்டுச் சாப்பாட்டில், பேட்டரி கார் எப்படி ஓடுகிறது என்று எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். எதிரே பெரியப்பா குனிந்து, ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சாமி வந்தபோது நடந்தது எதுவுமே நினைவில்லை என்று பத்து வருஷமாகச் சாதித்து வரும் அதே பெரியப்பா.

தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “ஏம்மா மீனா, மாப்பிள்ளைக்கு ஒரு சோடா ஊத்து.”