காயட்டும் அண்ணனும் கற்பூரத் தட்டும்

ஜொகூர் பாருவில் சாமியையே காக்க வைத்த ஆள் ஒருவர்தான். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. காயட்டும் அண்ணன் என்றால் எங்கள் தாமான் குடியிருப்பில் பூனைக்குக்கூடத் தெரியும்.

கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொரோனா காலத்தில் கோயில் வாசலில் சானிட்டைசர் ஊற்ற அவரை நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, அண்ணன் போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் போத்தலும் கையுமாக நிற்பார். ஊற்றிவிட்டு விட்டாலாவது பரவாயில்லை. விரலிடுக்கு, நகம், புறங்கை எல்லாம் தேய்க்க வைத்து, "காயட்டும்" என்று மறித்துக்கொள்வார். நாங்கள் கையை வீசிக் காய வைப்பதைப் பார்த்து, தங்களைத்தான் கூப்பிடுகிறோம் என்று டாக்சிகள் நின்றதுண்டு.

அவசரத்துக்கு வேட்டியில் துடைத்தால் தொலைந்தோம்.

"தொடச்சிட்டா மருந்து எங்க வேலை செய்யும்? மறுபடி நீட்டு."

சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடும் என்று, காயும்வரை அவர்கள் கையைத் தானே பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் கோயில் தலைவர் தாமதமாக வந்தார். உள்ளே தீபாராதனை மணி அடிக்கிறது. ஈரக் கையோடு ஓடியவரின் இரண்டு மணிக்கட்டையும் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணே, தீபம் போயிரும் லா. நான் தலைவரு."

"நெருப்புக்கு அது தெரியாது தலைவரே. இந்த ஸ்பிரிட்டு ஈரத்தோட போனா கையில பிடிச்சிக்கும். எரியறது கண்ணுக்கே சரியா தெரியாது."

கை காய்வதற்குள் கற்பூரத் தட்டு திரும்பிப் போய்விட்டது. தலைவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

பக்கத்தில் நின்ற நான் சும்மா சீண்டினேன். "பாவம் அண்ணே, அவருக்கு தீபம் கெடைக்கல."

"எனக்கும்தான் கெடைக்கல தம்பி."

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். போத்தல் கசிந்து கசிந்து எப்போதும் ஈரம். இத்தனை வெள்ளிக்கிழமையும் வாசலில் நின்றே கும்பிட்டிருக்கிறார்.

"கொஞ்சம் முன்னாடியே நிறுத்திட்டு உள்ள போலாமே?"

"கடைசியா ஓடி வர்றவங்களை யாரு பிடிக்கிறது?"

அடுத்த வெள்ளிக்கிழமை, காய்ந்த கையோடு முன்வரிசையில் நின்றேன். தீபத்தைத் தொட்ட கையை என் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் வாசலுக்கு வந்து, அவருடைய கண்களில் வைத்தேன். அண்ணன் அப்படியே நின்றார். கையை எடுக்க எனக்கும் மனம் வரவில்லை. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.