பதினாறாம் நாளும் என் இணையப் பக்கமும்

என் வாழ்நாளில் நான் பிடித்தது ஒரே ஒரு விளம்பரம்தான். அது ஒரு கருமக்கிரியை அறிவிப்பு. அதையும் யாரும் பார்க்கவில்லை. இதைச் சொன்னதோடு என் இணையத் தொழிலின் முழு வரலாறும் முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் என்னை அவ்வளவு சுலபமாகத் தப்ப விடமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. கோலாலம்பூரில் கம்பெனி கம்பெனியாக ஆட்குறைப்பு நடந்த நேரம். கணக்குப் பிரிவில் இருந்த என்னையும் அனுப்பிவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அக்காவிடம் போய் ஒண்டிக்கொண்டேன். கல்யாணம் ஆகவில்லை, வேலை இல்லை, வயது மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் இந்த மூன்றையும் விசாரித்துவிட்டுத்தான் தோசையே கேட்பார்கள்.

கடைக்கு மேல்மாடியில் ஒரு சைபர் கஃபே வந்திருந்தது. அங்கே உட்கார்ந்து 'நம்ம வட்டாரம்' என்று ஓர் இணையப் பக்கம் தொடங்கினேன். (வலைப்பூ என்ற சொல்லெல்லாம் அப்போது புழக்கத்தில் இல்லை.) எந்தக் கோயிலில் என்ன திருவிழா, எந்தக் கடையில் சட்டினி புளித்துவிட்டது, கிள்ளான் பஸ் நேற்று ஏன் வரவில்லை என்று தினமும் எழுதினேன். பக்கத்தைத் திறந்தால் பின்னணியில் நட்சத்திரங்கள் மின்னும், நாதஸ்வரம் கேட்கும். படிப்பதற்கு மட்டும் முதலில் ஒரு தமிழ் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். அதை இறக்கத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்திலேயே ஒருத்திதான். (நான்.)

பக்கத்தின் அடியில் ஓர் எண் இருக்கும். பக்கத்தை யார் திறந்தாலும் அதில் ஒன்று கூடும். ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று நானே திறந்து பார்த்தாலும் கூடும். காற்புள்ளி விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பானவள்.

எண் நானூறைத் தாண்டியதும் விளம்பரம் பிடிக்கக் கிளம்பினேன். அக்கா தடுத்தாள். "மொதல்ல ஆளு சேரட்டும்லா. நாலு பேரு தேடி வரட்டும். அப்புறம் காசு கேக்கலாம்" என்றாள். சாப்பாட்டுக் கடை வேறு, இணையம் வேறு என்று நான் அவளுக்கு விளக்கினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அவள் கண்ணில் வந்த தண்ணீர் எதனால் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நகைக்கடை, பூக்கடை, பாத்திரக்கடை என்று ஏறி இறங்கினேன். எல்லாரும் புத்தகத்தைக் காட்டு என்றார்கள். புத்தகம் இல்லை, கம்பியில் வருவது என்றதும் பக்கத்துக் கடைக்கு வழிகாட்டினார்கள். அப்படித் துவண்டிருந்த ஒரு மத்தியானம்தான் செல்வம் அண்ணன் அக்கா கடைக்கு வந்தார். பூச்சோங்கில் டயர் கடை வைத்திருப்பவர். தாடி மழிக்காமல் இருந்தார். அப்பாவின் பதினாறாம் நாளுக்குச் சாப்பாடு சொல்ல வந்திருந்தார்.

அவர் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அதை ஒட்டிய பண்டமாரானிலேயே வாழ்ந்தவர். வயதானதும் மகன் பூச்சோங் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. தைப்பூசத்துக்கு முதல் நாள் உயிர் போயிருக்கிறது. பண்டமாரான்காரர்களில் பாதிப் பேர் பத்துமலையில். மீதிப் பேர் காவடிக்கு விரதம் இருந்தார்கள், சாவு வீட்டுக்கு வரக் கூடாது. பேப்பரில் போடவும் நேரமில்லை. கடைசியில் டயர் கடையில் வேலை செய்த பங்களாதேஷ் தொழிலாளர்கள்தான் தோள் கொடுத்திருக்கிறார்கள்.

"யாரு வீட்டு சாவுன்னாலும் எங்கப்பா மொத ஆளா போய் நிப்பாரும்மா" என்றார். "அவர தூக்க நம்ம ஆளுங்க நாலு பேரு இல்ல. பதினாறுக்காச்சும் கூட்டம் வரணும்."

நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்குக் கேட்டாலே போக வேண்டும் என்பது நம் வழக்கம். சாவுக் காரியத்துக்கு வீடு வீடாகப் போய்க் கூப்பிட மாட்டார்கள், சேதியைக் காதில் போடுவதோடு சரி. அதற்குத்தான் பேப்பரில் படம் போட்டு அறிவிப்பது. அப்பாவின் படம் அண்ணனின் சட்டைப் பையிலேயே இருந்தது. இங்கிருந்து நேராகப் பேப்பர் ஆபீசுக்குத்தான் போவதாக இருந்தார். நான் குறுக்கே விழுந்தேன்.

பேப்பர் மறுநாள் வடை மடிக்கப் போய்விடும், இணையத்தில் போட்டால் அழியவே அழியாது, உலகமே பார்க்கும் என்றேன். மேலே கூட்டிப் போய் அந்த எண்ணைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இத்தன பேரும் நம்ம ஆளுங்களா?"

"எல்லாம் நம்ம வட்டாரந்தாண்ணே."

பொய் என்று சொல்ல முடியாது. (என்னைவிட நெருங்கிய வட்டாரம் எனக்கு ஏது?) அவர் பேப்பர் ஆபீசுக்குப் போவதை விட்டுவிட்டு, கீழே இறங்கிப் போய் நானூறு பேருக்குச் சாப்பாடு சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். பாயசம் சேமியாவா ஜவ்வரிசியா என்று நான் அண்ணனிடம் கேட்டேன்.

அறிவிப்பைப் போட்டேன். சிரித்த முகத்தோடு பெரியவர் படம், பக்கத்தில் அசைந்து எரியும் குத்துவிளக்கு. அவர் தலைக்கு மேலே, நான் எடுக்க மறந்த பொங்கல் வாழ்த்தில் பானை பொங்கிப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. தினமும் திறந்து பார்த்து எண்ணைக் கூட்டினேன். கனடாவிலிருந்து ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, படத்தில் சிரிக்கும் ஐயாவுக்கு என் வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார். என் ஒரே வாசகர் அவர்தான்.

பூச்சோங்கில் மண்டபம் எடுத்திருந்தார்கள். வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். பின்கட்டில் அக்காவின் அண்டாக்கள். சடங்கு முடிந்தது. அண்ணன் குடும்பம், கடைத் தொழிலாளர்கள், வெள்ளைச் சட்டை போட்டு வந்த பக்கத்துக் கடைச் சீனர் ஒருவர், அவ்வளவுதான் கூட்டம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணன் எழுந்து போய்ப் பார்த்தார். பிறகு எழுந்திருப்பதை விட்டுவிட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. (அதற்கும் யாராவது அறிவிப்புப் போட வேண்டுமே.)

அண்ணன் மெதுவாக என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த நானூறு பேர்ல நீ எத்தன பேரும்மா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏறக்குறைய எல்லாருமே நாந்தாண்ணே" என்றேன்.

அப்பாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எல்லாரும் வந்துட்டீங்க. உக்காருங்க, எலை போடச் சொல்றேன்."

அதில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்காதான் பரிமாறினாள். பாயசத்தை மட்டும் கேட்காமலே இரண்டாம் முறை ஊற்றினாள், தண்டனை மாதிரி.

மீந்த சாப்பாட்டை லோரியில் ஏற்றிப் பண்டமாரானுக்குக் கொண்டு போனோம். வாங்கிச் சாப்பிட்டவர்களில் ஒரு முதியவர், யாருக்காகச் சாப்பாடு என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் கையிலிருந்த சோற்றை இலையிலேயே உதறினார். "ஒரு வார்த்த காதுல போட்டிருந்தா பஸ் புடிச்சாவது வந்திருப்போமேம்மா" என்றார். இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது அந்த வார்த்தைதான்.

அழியவே அழியாது என்று நான் சொன்ன பக்கம் கொஞ்ச காலத்திலேயே காணாமல் போனது. நான் மறுபடி கணக்கு எழுதப் போய்விட்டேன். எனக்கு வைத்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எந்தக் கல்யாணத்துக்கு நான் போனாலும், நானூறு பேர் வந்தாச்சு, பந்தியை ஆரம்பிக்கலாம் என்பாள் அக்கா. செல்வம் அண்ணனும் ஆண்டுதோறும் அப்பாவின் திதிக்குப் போன் செய்வார். நானூறு பேரும் மறக்காமல் வந்துவிடுங்கள் என்பார். நானும் தவறாமல் போய்விடுவேன்.

போன வருடம் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். பதினாறாம் நாளுக்கு அவர் மகன் பேப்பரில் அரைப் பக்கம் போட்டிருந்தான். மண்டபம் கொள்ளாத கூட்டம். பண்டமாரானிலிருந்து தனி பஸ்ஸே வந்திருந்தது. வாசலில் நின்ற அண்ணி என்னைப் பார்த்ததும், அழுது வீங்கிய கண்ணோடு மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"நானூறு பேரு வந்துட்டாங்க. எலை போடச் சொல்லுப்பா."

மகன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். இலை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.