ரெண்டாம் பெட்டி நீலமான கதை

ஐன் தல்மா, கீழ்பேட்டை
ஈஸ்டருக்கு அடுத்த வாரம்

பிரேசில் தேசத்து சாவோ பாவ்லோ மாநகரில் துணிக்கடை வைத்துச் சீரோடு வாழும் என் அருமை மைத்துனர் ஃபாயிஸ் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கணவன் நசீப் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மனைவி மக்களும் கடை வியாபாரமும் கர்த்தர் கிருபையால் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே ஆலிவ் மரங்கள் நலம். ஆடு நலம். தங்கள் அக்காள் வதீயாவும் நலம்தான். ஆனால் அந்த நலத்தை அவள் ஒரு வாரத்துக்கு மேலாக மேல்பேட்டையில், தங்கள் அண்ணன் ஷாஹீன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அனுபவிக்கிறாள். நான் நலமில்லை.

வாட்ஸப்பில் சொல்லாமல் ஏன் இப்படித் தாள் எடுத்து எழுதுகிறேன் என்று கேட்பாய். அதில் எழுதினால் நீ படிக்கிறதுக்கு முன்னாடி உன் அண்ணி படிச்சிடுவா, அப்புறம் மேல்பேட்டை முழுக்கப் படிச்சிடும். பாதிரியார் தம்பி மகன் நாளைக்கு பிரேசிலுக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மற்றவர்கள் சொல்வதை நம்புவதற்கு முன் என் பக்கத்துக் கதையை ஒரு தடவை கேள். கேட்டுவிட்டு உன் அக்காவுக்கு ஒரு போன் போட்டு, "போதும்க்கா, வீட்டுக்குப் போ"ன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பா. எனக்கு அவள் வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான் என் கோரிக்கை, மற்றதெல்லாம் விளக்கம்.

உனக்குத் தெரியும், முப்பது வருஷம் நான் நில அளவைத் துறையில் இருந்தவன். ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்கவில்லை. வதீயாவே தான், "சும்மா என் சமையலறைய அளந்துக்கிட்டு நிக்காதீங்க, வெளிய போயி எதையாவது அளங்க"ன்னு சொன்னா. அதனால் நம்ம மாவட்டத்து ஊர்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் வரைந்து, ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலிலும் எந்த ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கலர் பென்சிலால் தீட்டினேன். தொண்ணூற்றெட்டுக்கு ஒரு படம், இரண்டாயிரத்து நாலுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. என் சித்தப்பா மகன் ஜிர்ஜிஸ் ரொட்டிச் சூளை வைத்திருக்கிறானே, அவன் சுவரில் மாட்டினேன். அடடா, என்ன வரவேற்பு! காலையில் எள்ளும் மூலிகையும் தூவின ஸஃதர் ரொட்டி வாங்க வந்தவன் எவனும் வீட்டுக்குப் போகவில்லை, சூடு ஆறினது கூடத் தெரியாமல் நின்றான். கஃப்ர் நைரூஸ்காரர்கள் தேர்தலுக்குத் தேர்தல் நிறம் மாறியிருந்தார்கள், யார் ரோடு போட்டுக் கொடுத்தானோ அவன் நிறம். அதைப் பார்த்து நம்ம ஆட்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பக்கத்து ஊர்க்காரன் வண்டவாளம் சுவரில் தொங்கினால் யாருக்குத்தான் பசி எடுக்காது? ஜிர்ஜிஸுக்கு வியாபாரம் இரட்டிப்பு. "அண்ணே, நீ இத்தனை வருஷம் காடு மேடெல்லாம் அளந்தது வீண், இதை முன்னாடியே செஞ்சிருக்கணும்"னு கட்டிப் பிடிச்சுக்கிட்டான். நானும் கொஞ்சம் மிதந்தேன்னு வச்சுக்கோயேன்.

அன்றைக்கு உன் அண்ணன் ஷாஹீன் மேலேயிருந்து இறங்கி வந்தார். தொண்ணூற்றெட்டிலிருந்து அவர் கீழ்பேட்டைப் பக்கம் சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர வந்ததில்லை. வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "மாப்பிள்ளே, எல்லா ஊரும் கலராயிருக்கு. நம்ம ஊரு மட்டும் ஏன் வெள்ளையா கிடக்கு? கலரு தீர்ந்துபோச்சா, தைரியம் தீர்ந்துபோச்சா?" என்றார். சூளையில் இருந்தவன் எல்லாம் என் முகத்தைப் பார்த்தான். நீயே சொல்லு, மனுஷனுக்கு ரோஷம் வருமா வராதா?

போனேன். மாவட்ட அலுவலகத்தில் தெரிந்த பையன் ஒருவனைப் பிடித்து, பெட்டிவாரியான முடிவுத் தாள்களை நகல் எடுத்து வந்தேன். மேல்பேட்டை அணிக்கு விழுந்த ஓட்டு நீலம், கீழ்பேட்டை அணிக்கு விழுந்தது பச்சை. நம்ம ஊரில் ஆணுக்கு ஒரு பெட்டி, பெண்ணுக்கு ஒரு பெட்டி தனித்தனி அல்லவா. கீழ்பேட்டையின் ஒன்றாம் பெட்டி ஆண்கள், இரண்டாம் பெட்டி பெண்கள், என்று பிரித்துத் தீட்டினேன். ஒன்றாம் பெட்டி மூணு தேர்தலிலும் பச்சைப் பசேல் என்று இருந்தது. இரண்டாம் பெட்டியை மூணு தடவை எண்ணிப் பார்த்தேன், மச்சான். தொண்ணூற்றெட்டில் பாதி நீலம். நாலில் அதைவிட நீலம். பத்தில் கடல் மாதிரி நீலம்.

தொண்ணூற்றெட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். முப்பத்தைந்து வருஷம் கழித்து வந்த உள்ளாட்சித் தேர்தல். கீழ்பேட்டைக்கு நான் தலைமை, மேல்பேட்டைக்கு ஷாஹீன். எங்க பக்கம் ஓட்டு அதிகம், ஜெயிச்சாச்சுன்னு நினைத்து ஆட்டுக்கறிக்குச் சொல்லிவிட்டேன். பத்தொன்பது ஓட்டில் தோற்றேன். எப்படித் தோற்றேன் என்று இத்தனை வருஷமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தவனுக்கு இப்போது தாளில் விடை கிடைத்தது. கீழ்பேட்டை மருமகள்களில் பாதிப்பேர் மேல்பேட்டைப் பெண்கள். கல்யாணம் ஆனதும் அவர்கள் பேர் புருஷன் பக்கத்துப் பட்டியலுக்கு இறங்கிவிடுகிறது, மனசு இறங்கவில்லை! அப்பா வீட்டுக்கே ஓட்டைப் போட்டுக்கொண்டு, சாயந்தரம் வந்து நமக்கு ஆறுதலும் சொல்லியிருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் நான் அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சட்டம் போட்டு மாட்டினேன்.

சூளை அமளிதுமளி ஆகிவிட்டது. ஜிர்ஜிஸ் தான் எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தான். "நம்ம உப்பத் தின்னுட்டு அங்க போடுறாளுங்களே! நம்ம இனத்து ஆம்பள ஒவ்வொருத்தனும் தங்கம், பாரு அந்தப் பச்சைய!" என்று மாவுக் கையாலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டான். ஒவ்வொருத்தனும் ஒன்றாம் பெட்டியைத் தொட்டுத் தொட்டுக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியைக் கேட்டான். நான் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். மறுநாள் காலையில் வதீயா லப்னே தயிர்த் தட்டை வைக்கிறாள், ஆலிவ் எண்ணெயை ஊற்றுகிறாள், என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வதீயா, தொண்ணூத்தெட்டுல நீ யாருக்குப் போட்ட?"

எண்ணெய்க் குப்பியை மெதுவா வச்சா. "என்ன கேட்டீங்க?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"சும்மாவா? முப்பத்தாறு வருஷம் உங்க கூடப் படுத்து எந்திரிச்சிருக்கேன். உங்க அம்மாவுக்கு நான் கஞ்சி ஊட்டினேன். நீங்க தோத்த அன்னிக்கு உங்க தலையப் பிடிச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன். அப்ப கேக்கத் தோணல, ஒரு கலர் பென்சிலு சொன்னதும் கேக்குறீங்க?"

"பதிலச் சொல்லிட்டாப் போச்சு."

"பதிலா? எங்கண்ணன் வீட்டு அட்ரஸுக்கு அனுப்புங்க, அங்கதான் இருப்பேன்."

முந்தானை முடிச்சு மாதிரி ஒரு சின்னத் துணிமூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் வாசலில் நின்று பார்க்கிறேன். மேலே ஏறும் பாதையில் அவள் தனியாகப் போகவில்லை. ஜிர்ஜிஸ் பெண்டாட்டி போகிறாள், எதிர்வீட்டு மருமகள் போகிறாள், வரிசையாகப் போகிறார்கள், ஏதோ மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி சிரிப்பும் பேச்சுமாக. மத்தியானத்துக்குள் கீழ்பேட்டையில் அடுப்பு எரிகிற வீடு பாதிகூட இல்லை. நான் மூணு வேளையும் ஜிர்ஜிஸ் ரொட்டிதான் தின்கிறேன்.

மேல்பேட்டைக்காரன் சந்தோஷமாக இருக்கிறான் என்று நினைக்காதே. கோபித்துக்கொண்டு வந்த தங்கச்சியைப் போ என்று சொல்ல முடியுமா? ஷாஹீன் வீட்டில் உன் அக்கா தங்கைகள் நாலு பேர், அவரவர் பேத்தி பேரன்கள், ஒரு கைக்குழந்தை. அவர் காரில் தூங்குகிறார். நேற்று முன்தினம் விடிகாலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார். பதினெட்டு வருஷம் கழித்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், மச்சான். காப்பி நானே போட்டேன், பொங்கி அடுப்பில் பாதி போனது. அதைக் குடித்துவிட்டு, "மாப்பிள்ளே, கைய எடுத்துக் கும்பிடுறேன், வந்து கூட்டிக்கிட்டுப் போயிடு"ன்னார்.

"உங்க தங்கச்சிய நீங்க அனுப்புங்க மச்சான்."

"அவள யாரு அனுப்ப முடியும்? எங்கப்பாவே கெஞ்சித்தான் அனுப்பினாரு உனக்கு!"

ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும், எவ்வளவு நல்ல மனுஷன், எத்தனை வருஷத்தைப் பாழாக்கினோம் என்று தோன்றியது.

இன்னொரு விஷயமும் அவர் சொன்னார். இன்னும் ரெண்டு வாரத்தில் தேர்தல். போன தடவை மன்றம் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும்; கீழ்பேட்டைக்காரர்கள் கோபித்துக்கொண்டு மொத்தமாக ராஜினாமா செய்தோம், மன்றம் கலைந்தது, அப்புறம் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற மாவட்ட அதிகாரி நம்ம ஊற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். தண்ணீர் மோட்டார் மூச்சை விட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. இப்போது ஷாஹீன் வீட்டுச் சமையலறையில், தப்பூலே சாலட்டுக்குக் கீரை நறுக்கிக்கொண்டே, இந்தப் பெண்கள் ஒரு பொது அணி உண்டாக்கிவிட்டார்களாம். மேல்பேட்டைக்குப் பாதி, கீழ்பேட்டைக்குப் பாதி, முதல் பேர் வதீயா. "நம்ம ரெண்டு பேரையும் கேக்கவே இல்ல மாப்பிள்ளே"ன்னார் உன் அண்ணன். வருத்தமாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

உடனே இரண்டு பேருமாக மேலே போனோம். வதீயா வாசலுக்கு வந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. நான் படத்தைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். "படம் என்ன பண்ணிச்சு, அது பாட்டுக்குத் தொங்கட்டும். நீங்க கேட்ட கேள்விய வாபஸ் வாங்குங்க" என்றாள். நான் சரி என்று சொல்லியிருக்கலாம். என்னுள்ளே இருக்கிற சனியன், "பதிலச் சொல்லு, உடனே வாங்கிக்கிறேன்" என்றது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஷாஹீன் என்னைப் பார்த்து, "உன்னை எல்லாம் எவன் தேர்தல்ல நிக்கச் சொன்னான்?" என்று கேட்டுவிட்டுக் காருக்குப் போனார்.

ஆகவே மச்சான், நீ பேசு. அவள் யாருக்குப் போட்டிருந்தாலும் பரவாயில்லை என்று நான் எழுதியதாகச் சொல். பரவாயில்லை என்பது பொய், எனக்கு வலிக்கிறது, அதைச் சொல்லாதே. அவள் இல்லாத வீட்டில் கடிகாரம் கூடச் சத்தமாகக் கேட்கிறது. அணிக்கு என் ஓட்டு உண்டு என்றும் சொல். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு, கடையில் வேலை செய்யும் நம்ம ஊர்ப் பையன்களுக்கு ஆசீர்வாதம். உங்கள் வாசற்படி ஒருநாளும் காலியாக இராமல், பந்தியில் எப்போதும் ஒரு விருந்தாளி அதிகமாகவே உட்கார்ந்திருக்கக் கடவது.

இப்படிக்கு,
மனைவியைத் தேடும் உன் அத்தான்,
நசீப்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். போன் போடாதே! மேலே எழுதியது ஒன்றையும் நம்பாதே!

இன்று காலை வதீயா அணிக்கு ஆதரவு கேட்டுப் பெண்களோடு சூளைக்கு வந்தாள். படத்தை அவள் இதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒண்ணாம் பெட்டி ஆம்பளைங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

"யாராவது சொல்லணுமா? ஆம்பளைதானே முதல்ல?"

"தாள்ல அப்படி எழுதியிருந்துச்சா?"

"தாள்ல நம்பர் மட்டும்தான் இருந்துச்சு."

"மூணு தேர்தலும் பள்ளிக்கூடத்துல நடந்துச்சு. ஹனீனா கிழவியால மாடி ஏற முடியாதுன்னு கீழ ரூம எங்களுக்குக் கொடுத்தாங்க. கேட்டுக்குப் பக்கத்துல இருக்குற ரூம்தான் ஒண்ணு. நீங்க எல்லாரும் மாடிக்குப் போய் சிகரெட்டப் பத்த வச்சுக்கிட்டு ரெண்டுல போட்டீங்க. பச்சை நாங்க. நீலம் நீங்க."

நான் ஜிர்ஜிஸைப் பார்த்தேன். அவன் அடுப்புக்குள்ளே தலையை விட்டு எதையோ தேடுகிறான். ஆமாம் மச்சான், மாடிக்கு நானே ஏறிப் போய்த்தான் ஓட்டுப் போட்டேன், எப்படி மறந்தேன்! நெஞ்சில் அடித்துக்கொண்டவன் ஒவ்வொருவனுக்கும் தான் போட்டது தெரியும், தெரிந்துகொண்டே அடித்திருக்கிறான். "கட்டினது எங்கள, பயந்தது எங்க அண்ணன்மாருக்கு" என்றாள் வதீயா. பின்னால் நின்ற ஜிர்ஜிஸ் பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் அவன் ரொட்டியைக் கருகவிட்டான்.

நான் ரப்பரைத் தேடினேன். வதீயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "திருத்தாதீங்க. தேர்தல் முடியட்டும். இந்தத் தடவை மாடிப்பெட்டி எங்க அணிக்கு நிறைஞ்சு வந்துச்சுன்னா இது இப்படியே தொங்கட்டும், பேரன் பேத்திங்க கேட்டா நாங்கதான் நீலம்னு சொல்லிக்கிறோம். குறைஞ்சுதுன்னா சரியான படத்தக் கோயில் வாசல்ல மாட்டலாம்" என்றாள். ஜிர்ஜிஸ் தலையை வெளியே எடுத்து, "நிறைஞ்சுதான் வரும் அண்ணி, நான் பாத்துக்கிறேன்" என்றான். மற்றவர்களும் பலமாகத் தலையாட்டினார்கள். தண்ணீர் மோட்டார் ஓடும் என்று எனக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது.

அங்கிருந்து அவள் என்னோடுதான் வீட்டுக்கு நடந்தாள். அவளாகத்தான் பேசினாள். "உங்களுக்குத்தான் போட்டேன். எங்கண்ணன் நின்னாரு, எங்கம்மா ஒரு மாசம் என்கிட்டப் பேசல, அப்பவும் உங்களுக்குத்தான் போட்டேன்" என்றாள். நான் தெருவிலேயே நின்று அழுதுவிட்டேன், ஃபாயிஸ். அவள், "ஐயே, ஊரே பாக்குது, அளந்தது போதும், வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.